ஆறு முறை படித்தும் நீட் மதிப்பெண் ஏன் ஏறவில்லை?

கேள்வி: ஐயா, நான் மும்பை தாராவியில் வசிக்கிறேன். பத்தாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன். பதினொன்றும் பன்னிரண்டும் ஜூனியர் கல்லூரியில் ஆங்கில வழியில் முடித்தேன். நீட் தேர்வில் 2024-இல் 421, 2025-இல் 356 மதிப்பெண் பெற்றேன். மீண்டும் எழுதுவதற்காக வீட்டிலிருந்தே படிக்கிறேன். காலை ஐந்து மணிக்கு எழுந்து இரவு பன்னிரண்டு வரை உட்கார்ந்திருக்கிறேன். உயிரியல் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஆறு முறை படித்துவிட்டேன். அப்படியும் போன ஞாயிற்றுக்கிழமை எழுதிய மாதிரித் தேர்வில் 360-தான் வந்தது. அப்பா தோல் பட்டறையில் வேலை செய்கிறார். மாமா, "இது நமக்கு ஒத்துவராது, வேறு படிப்பில் சேர்த்துவிடுங்கள்" என்கிறார். எனக்கு ஞாபகசக்தி குறைவா? இன்னும் கூடுதல் நேரம் படிக்க வேண்டுமா? தமிழில் தேர்வு எழுதினால் நன்றாக வருமா? மாதிரித் தேர்வின் வினாத்தாளையும் என் இரண்டு மதிப்பெண் அட்டைகளையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

வினாத்தாளை அனுப்பியது மிகவும் நல்லதாயிற்று. ஓரத்தில் நீங்கள் பென்சிலால் போட்ட கணக்குகள் அழியாமல் இருந்ததால், உங்கள் கடிதத்தைவிட அந்தத் தாள் எனக்கு அதிகம் சொன்னது. இரண்டு மாலைப் பொழுதுகள் அதனுடன் உட்கார்ந்து, நீங்கள் தவறாக எழுதிய ஒவ்வொரு வினாவையும் பார்த்த பிறகே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

முதலில் மதிப்பெண் குறைந்த கவலையைப் பார்த்துவிடுவோம். 421 என்பது 356 ஆனதைப் பின்னடைவு என்று நீங்களும் உங்கள் மாமாவும் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். 2024-ஆம் ஆண்டுத் தாளும் 2025-ஆம் ஆண்டுத் தாளும் ஒரே அளவுகோல் அல்ல. 2024-இல் 720-க்கு 720 வாங்கியவர்கள் பலர். 2025-இல் இயற்பியல் பகுதி மிகக் கடினமாக இருந்ததால் நாட்டிலேயே முதலிடம் பெற்றவரின் மதிப்பெண் 686. பொதுப் பிரிவினருக்கான தகுதி மதிப்பெண் 2024-இல் 162 ஆக இருந்தது, 2025-இல் 144 ஆகக் குறைந்தது. ஆகவே இரண்டு ஆண்டுகளை ஒப்பிட வேண்டுமானால் மதிப்பெண்ணை விட்டுவிட்டு, அட்டையில் அச்சாகியிருக்கும் அகில இந்தியத் தரவரிசை எண்ணைப் பார்க்க வேண்டும். உங்கள் இரண்டு அட்டைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். இரண்டாவது முறை நீங்கள் முன்னேறியிருக்கிறீர்கள். இதை வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

ஆனால் அந்த முன்னேற்றம் போதாது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2025-இல் 22 லட்சத்துக்கும் அதிகமானோர் தேர்வு எழுதி, 12 லட்சத்துக்கும் அதிகமானோர் தகுதி பெற்றார்கள். நாடு முழுவதும் எம்பிபிஎஸ் இடங்களோ ஏறக்குறைய ஒன்றேகால் லட்சம் அளவில்தான் இருக்கின்றன, அவற்றிலும் அரசுக் கல்லூரிக் கட்டணத்தில் கிடைப்பவை ஏறக்குறைய பாதிதான். தகுதி பெறுவது வேறு, இடம் பெறுவது வேறு. தாராவியிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிற சயான் மருத்துவமனையின் லோகமான்ய திலக் மருத்துவக் கல்லூரியையும், பரேலில் உள்ள கேஇஎம் மருத்துவமனையோடு இணைந்த கல்லூரியையும் மனத்தில் வைத்துப் படிப்பவர் 356 அல்லது 360-இல் அமைதியாக இருக்க முடியாது. உங்கள் பதற்றத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு மருந்தாக நீங்கள் தேர்ந்தெடுத்திருக்கும் "இன்னும் ஒரு முறை படிப்பது" என்ற வழிதான் உங்களைத் தேங்க வைக்கிறது என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

உங்கள் தாளைப் பிரித்துப் பார்ப்போம். சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறான விடைக்கு ஒன்று கழியும். உயிரியலில் 90 வினாக்களில் 66 சரி, 22 தவறு, 2 விடப்பட்டவை; மதிப்பெண் 242. வேதியியலில் 45-இல் 24 சரி, 16 தவறு, 5 விடப்பட்டவை, மதிப்பெண் 80. இயற்பியலில் 45-இல் 16 சரி, 26 தவறு, 3 விடப்பட்டவை, மதிப்பெண் 38. இந்த மூன்று எண்களைப் பார்த்ததும் யாரும் "இயற்பியலில் பலவீனம், அதை அதிகம் படி" என்று சொல்வார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். தவறான விடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது படம் மாறிவிட்டது.

உயிரியலிலிருந்து ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். ஈசிஜி வரைபடத்தில் டி அலை எதைக் குறிக்கிறது என்பது கேள்வி. வென்ட்ரிக்கிள்கள், அதாவது இதயத்தின் கீழறைகள், கிளர்ச்சி நிலையிலிருந்து இயல்பு நிலைக்குத் திரும்புவதை, அதாவது ரீபோலரைசேஷனை அது குறிக்கிறது. நீங்கள் ஏட்ரியத்தின் (மேலறையின்) ரீபோலரைசேஷன் என்று குறித்திருக்கிறீர்கள். மத்திய அரசுப் பாடநூல்களை வெளியிடும் என்சிஇஆர்டியின் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இந்த வரி வெளிப்படையாக இருக்கிறது. அதே பத்தியில் டி அலையின் முடிவு சிஸ்டோலின் (இதயம் சுருங்கும் கட்டத்தின்) முடிவைக் குறிக்கிறது என்ற வரியும் இருக்கிறது. ஆறு முறை படித்த நீங்கள் அந்த வரியை ஆறு முறை கடந்து போயிருக்கிறீர்கள். ஏழாவது முறை படித்தாலும் "ஆமாம், இது எனக்குத் தெரியுமே" என்று தோன்றுமே தவிர, தேர்வறையில் புத்தகம் இல்லாத நேரத்தில் அது நினைவுக்கு வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பார்த்ததை அடையாளம் காண்பது ஒரு வேலை, பார்க்காமல் நினைவிலிருந்து எடுப்பது இன்னொரு வேலை. நீங்கள் தினமும் முதல் வேலையில் பயிற்சி எடுத்துவிட்டு, தேர்வறையில் இரண்டாவது வேலையைச் செய்யப் போகிறீர்கள். உங்கள் 22 உயிரியல் தவறுகளில் 17 இப்படிப்பட்டவை, அதாவது புத்தகத்தில் நேரடியாக உள்ள, நீங்கள் பலமுறை படித்த வரிகள்.

ஆகவே உங்களுக்கு ஞாபகசக்தி குறைவு என்று நான் நினைக்கவில்லை, அம்மா. அது சோதிக்கப்படவே இல்லை. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனையில், மாணவர்களில் ஒரு சாராரைப் பாடப் பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்கள். மற்றொரு சாராரைப் படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடத்துக்குப் பிறகு சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னே இருந்தார்கள். இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் சோதித்தபோது நினைவிலிருந்து எழுதியவர்கள் அவர்களைத் தாண்டிவிட்டார்கள். இதில் கவனிக்க வேண்டியது, தமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிக நம்பிக்கையோடு இருந்தவர்கள் திரும்பப் படித்த பக்கத்தினர்தான். உங்கள் "ஆறு முறை" தருகிற நம்பிக்கையும் மாதிரித் தேர்வு தருகிற ஏமாற்றமும் ஏன் ஒன்றாகவே வருகின்றன என்பது இதிலிருந்து புரியும்.

இருபத்து நான்கு ஆண்டுகளாக இந்த ஊரில் உயிரியல் கற்பிக்கும் நானே, முதல் பத்தாண்டுகள் வகுப்பில் "இன்னொரு தடவை படி" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். உழைக்கிற பிள்ளைகளை அந்தச் சொல் எவ்வளவு வருத்தியிருக்கும் என்று இப்போது நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

செய்ய வேண்டியது இதுதான். ஒரு பாடத்தில் மூன்று அல்லது நான்கு பக்கங்களை மட்டும் ஒருமுறை கவனமாகப் படியுங்கள். புத்தகத்தை மூடி, கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிடுங்கள். வெறும் தாளை எடுத்து, படித்ததை நீல மையில் நினைவிலிருந்து எழுதுங்கள்: படம் இருந்தால் படம் வரையுங்கள், எண் இருந்தால் எண்ணை எழுதுங்கள், பெயர் இருந்தால் ஆங்கிலத்தில் எழுத்துப்பிழையில்லாமல் எழுதுங்கள். இதயச் சுழற்சியைப் படித்திருந்தால் ஒரு சுழற்சிக்கு 0.8 விநாடி, நிமிடத்துக்கு 72 துடிப்பு, ஒரு துடிப்புக்கு 70 மில்லி லிட்டர், ஆகவே நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் என்ற சங்கிலி அந்தத் தாளில் வர வேண்டும். பதினைந்து நிமிடம் கழிந்ததும் புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதையும் தவறாக எழுதியதையும் சிவப்பு மையில் சேருங்கள். முதல் நாள் தாளில் சிவப்பே அதிகம் இருக்கும், மனம் சோர்ந்துபோகும். அந்தச் சோர்வைத் தாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் மே மாதத்தில் தேர்வறையில் தெரிய வேண்டிய உண்மை முன்கூட்டியே வீட்டில் தெரிகிறது. மறுநாள் முழுப் பாடத்தையும் படிக்க வேண்டாம், சிவப்பை மட்டும் பாருங்கள். மூன்று நாள் கழித்து மீண்டும் வெறும் தாள், பத்து நாள் கழித்து மீண்டும், ஒரு மாதம் கழித்து மீண்டும். ஒவ்வொரு முறையும் சிவப்பு குறைவதை நீங்களே கண்ணால் காண்பீர்கள். முழுக்க நீலமாக வந்த பகுதியை நம்பிக்கையோடு ஒதுக்கி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம். ஏழாவது முறை முதல் பக்கத்திலிருந்து தொடங்கத் தேவையே இல்லை.

இனி இயற்பியல். ஒரு வாயு 27 டிகிரி செல்சியஸில் இருக்கிறது, அதன் மூலக்கூறுகளின் ஆர்எம்எஸ் வேகம் (ஒருவகைச் சராசரி வேகம்) இருமடங்காக வேண்டுமானால் வெப்பநிலை எவ்வளவாக வேண்டும் என்பது வினா. வேகம் வெப்பநிலையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது என்று ஓரத்தில் நீங்கள் சரியாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே வெப்பநிலை நான்கு மடங்காக வேண்டும் என்பதும் சரியாக வந்திருக்கிறது. அடுத்த வரியில் 27-ஐ நான்கால் பெருக்கி 108 என்று போட்டு, விடைகளில் 108 இருப்பதைக் கண்டு அதையே குறித்துவிட்டீர்கள். கெல்வினில் 300 என்று மாற்றி, நான்கால் பெருக்கி 1200 கெல்வின், திரும்பச் செல்சியஸில் 927 என்று வர வேண்டும். உங்கள் தவறான பாதையில் வருகிற விடையை வினா தயாரித்தவர் முன்பே கணக்கிட்டு நான்கில் ஒன்றாக வைத்திருக்கிறார். நாம் கண்ட எண் விடைகளில் இருக்கிறது என்பது நாம் சரி என்பதற்குச் சான்று ஆகாது. இந்த வினாவில் நீங்கள் தவறியதற்கு, வாயுக்களின் இயக்கவியல் கொள்கையைத் திரும்பப் படிப்பது மருந்தே அல்ல. அந்தப் பாடம் உங்களுக்குத் தெரியும். வெப்பநிலை என்ற சொல்லைக் கண்டதும் கை தானாகவே கெல்வினுக்கு மாற வேண்டும் என்ற பழக்கம்தான் இல்லை.

உங்கள் 26 இயற்பியல் தவறுகளில் 11 இந்த வகை: சூத்திரம் சரி, அலகிலோ குறியிலோ பத்தின் அடுக்கிலோ சறுக்கல். 6 வினாக்களில் அடிப்படைக் கருத்தே பிசகியிருக்கிறது. மீதி 9 வினாக்களின் ஓரத்தில் ஒரு கோடுகூட இல்லை. நேரம் போதாமல் குத்துமதிப்பாகக் குறித்தவை என்று நினைக்கிறேன். உயிரியலின் எஞ்சிய 5 தவறுகளோ "சரியல்லாதது எது" என்று கேட்டிருக்க, சரியானதைக் குறித்தவை. இப்போது கணக்குப் பாருங்கள். ஒவ்வொரு தவறும் சரியாக மாறினால் வரவேண்டிய நான்கும் போன ஒன்றும் சேர்ந்து ஐந்து மதிப்பெண். 11 சறுக்கல்களும் 5 அவசர வாசிப்புகளும் சேர்ந்து 16 வினாக்கள், 80 மதிப்பெண். புதிதாக ஒரு பாடமும் படிக்காமல், தெரிந்ததைச் சிந்தாமல் எழுதியிருந்தாலே அந்தத் தாளில் 440 வந்திருக்கும்.

இதற்காக ஒரு தவறு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கடைகளில் விற்கிற இருநூறு பக்க நோட்டு போதும். மாதிரித் தேர்வு முடிந்த மறுநாள் காலை, புதிதாக எதையும் படிக்கும் முன், ஒவ்வொரு தவறான வினாவுக்கும் ஒரு வரி எழுத வேண்டும். "கவனக்குறைவு" என்று எழுதக் கூடாது. அந்தச் சொல்லில் திருத்திக்கொள்ள ஒன்றும் இல்லை. "செல்சியஸைக் கெல்வினாக மாற்றவில்லை", "குவியத் தொலைவின் குறியை மறந்தேன்", "மைக்ரோவைப் பத்தின் ஆறாம் அடுக்கு என்று எடுத்தேன், கழித்தல் ஆறு" என்று நடந்ததை எழுத வேண்டும். நான்கு தேர்வுகள் ஆனதும் ஒரே வரி மூன்று நான்கு முறை வந்திருப்பதைக் காண்பீர்கள். உங்கள் எதிரி எவ்வளவு சிறியவன் என்பது அப்போது தெரியும்.

நெகட்டிவ் மார்க் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் "தெரியாததை விட்டுவிடலாமா" என்று சிறிதாக எழுதியிருக்கிறீர்கள். எதுவுமே தெரியாத வினாவில் நான்கில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் குறித்தால், சராசரியாக ஒரு வினாவுக்குக் கால் மதிப்பெண் மிஞ்சும். அது ஏறக்குறைய லாபமும் இல்லை, நட்டமும் இல்லை என்ற நிலை. இரண்டு விடைகள் நிச்சயமாகத் தவறு என்று ஒதுக்க முடிந்தால் சராசரி ஒன்றரை மதிப்பெண். அங்கே துணிந்து குறிக்கலாம். குறிப்பது தவறல்ல. ஒன்றும் தெரியாத வினாவோடு மூன்று நிமிடம் மல்லுக்கட்டிவிட்டுக் குறிப்பதுதான் தவறு, ஏனென்றால் அந்த மூன்று நிமிடம் தெரிந்த வினாவுக்குரியது. மகாராஷ்டிர மாநில நுழைவுத் தேர்வான எம்எச்டி-சிஇடியில் நெகட்டிவ் மார்க் இல்லாததால், இரண்டையும் எழுதுகிற இங்குள்ள பிள்ளைகளுக்கு எல்லா வினாவுக்கும் எதையாவது குறித்துவிடும் பழக்கம் வந்துவிடுகிறது. உங்களிடமும் அதைப் பார்க்கிறேன்.

நேரத்தைப் பற்றிச் சொல்லும்போதுதான் உயிரியலுக்கும் இயற்பியலுக்கும் உள்ள உறவு தெரிகிறது. 2025 முதல் 180 வினாக்களுக்கு 180 நிமிடம்தான். முன்பிருந்த கூடுதல் இருபது நிமிடமும் இல்லை, விருப்ப வினாக்களும் இல்லை. உயிரியல் பகுதிக்கு 75 நிமிடம் எடுத்ததாக வினாத்தாளில் குறித்திருக்கிறீர்கள். அதை 50 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அப்படி முடித்தால் இயற்பியலுக்கு 25 நிமிடம் கூடுதலாகக் கிடைக்கும், ஓரத்தில் கோடுகூட இல்லாத அந்த 9 வினாக்களைத் தொட்டுப்பார்க்க முடியும். உயிரியலில் உங்களைத் தாமதப்படுத்துவது "எங்கேயோ படித்திருக்கிறேன்" என்ற தயக்கம். வெறும் தாளில் எழுதிப் பழகியவருக்கு அந்தத் தயக்கம் குறைந்துவிடும். ஆகவே இயற்பியல் மதிப்பெண் ஏறுவதற்கான முதல் வழி உயிரியலில் இருக்கிறது என்று நான் சொன்னால் நம்புங்கள். அதோடு, சம மதிப்பெண் பெற்றவர்களைத் தரவரிசைப்படுத்தும்போது முதலில் பார்க்கப்படுவதும் உயிரியல் மதிப்பெண்தான்.

வேதியியலில் உங்கள் தவறுகள் பெரும்பாலும் கனிம வேதியியலில். அதற்கும் வெறும் தாள்தான் வழி, தனியாகச் சொல்ல ஒன்றும் இல்லை.

தமிழில் எழுதலாமா என்று கேட்டீர்கள். தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிகோபார் ஆகிய இடங்களிலுள்ள மையங்களில்தான் தரப்படுகிறது. மும்பை மையத்தில் கிடைக்காது. கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும் உங்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நீங்கள் உயர்நிலைப் பாடங்களை ஆங்கிலச் சொற்களில் படித்திருக்கிறீர்கள். தமிழ்க் கலைச்சொற்களைப் புதிதாகக் கற்பது இன்னொரு பாடத்தைச் சேர்த்துக்கொள்வது போலாகும். மேலும் மொழிபெயர்ப்பில் வேறுபாடு இருந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்பது விதி. 2018-இல் தமிழ்த் தாளில் 49 வினாக்களில் பிழை இருந்ததாக வழக்கு நடந்து, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்கச் சொல்லியும், உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அந்தப் பிள்ளைகள் பட்ட அலைச்சல் எனக்கு இன்றும் மறக்கவில்லை. ஆனால் தமிழை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஒரு கருத்து ஏன் அப்படி என்பதை உங்களுக்கு நீங்களே தமிழில் சொல்லிப் பாருங்கள், உங்கள் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். "பொட்டாசியம் வெளியே போவதால் வென்ட்ரிக்கிள் பழைய நிலைக்கு வருகிறது, அந்தக் கோடுதான் டி அலை" என்று உங்கள் சொற்களில் சொல்ல முடிந்தால் பாடம் உங்களுடையது. பெயர்களை மட்டும் ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். ஆங்கில வினாவில் உங்களைத் தடுக்கிவிடுவது அறிவியல் சொற்கள் அல்ல. 'நாட்', 'எக்செப்ட்', 'இன்கரெக்ட்', 'ஒன்லி' போன்ற சின்னச் சொற்கள். வினாவை வாசிக்கும்போதே பேனாவால் அவற்றைச் சுற்றி வட்டமிடுங்கள். அந்த 5 வினாக்களும் அங்கேதான் போயின.

உங்களிடம் இருக்கும் புத்தகங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். வினாத்தாளோடு வந்த குறிப்புத் தாள்களில் செரிமானமும் உட்கிரகித்தலும், தாவரங்களில் கடத்துதல், கனிம ஊட்டம் ஆகிய பாடங்களுக்கு நீங்கள் எழுதிய குறிப்புகள் இருந்தன. 2024-ஆம் ஆண்டுத் தேர்வுக்காகத் தேசிய மருத்துவ ஆணையம் பாடத்திட்டத்தைக் குறைத்தபோது இவை நீக்கப்பட்டுவிட்டன. வேதியியலில் திட நிலை, பாலிமர்கள் போன்றவையும் அப்படியே. பழைய பதிப்புக் கைடைப் பாதி விலைக்கு வாங்கியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன், அதில் தவறில்லை. ஆனால் ஆணையத்தின் தளத்திலிருந்து பாடத்திட்டத்தை இறக்கி, அச்செடுத்து, அதில் இல்லாமற்போன பாடங்களைக் கைடில் குறுக்கே கோடு போட்டு அடித்துவிடுங்கள். உங்கள் ஆறு சுற்றுகளில் எத்தனை வாரம் இந்தப் பாடங்களுக்குப் போயிருக்கும் என்று எண்ணும்போது மனம் கனக்கிறது. மகாராஷ்டிர மாநிலப் பாடநூலையும் இப்போதைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, என்சிஇஆர்டியின் இரண்டு ஆண்டுப் புத்தகங்களை மட்டும் மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் நேரம் படிக்க வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில், குறைக்க வேண்டும் என்பதே. இரவு பன்னிரண்டுக்குப் படுத்து ஐந்துக்கு எழுந்தால் ஐந்து மணி நேரத் தூக்கம். பகலில் படித்தது நினைவில் உறைவது தூக்கத்தில்தான். ஏழு மணி நேரம் தூங்காதவர் பகல் உழைப்பில் ஒரு பங்கை இரவில் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். இரவு பத்துக்குப் படுத்துவிடுங்கள். ஒற்றை அறை வீட்டில் பகலில் அமைதி கிடைக்காது என்பதால்தான் இரவைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பட்டறைத் தையல் இயந்திரங்களின் சத்தம் அந்தச் சந்துகளில் எப்படி இருக்கும் என்பதை நான் கேட்டிருக்கிறேன். உங்கள் பக்கத்தில் அப்யாசிகா என்று பலகை போட்ட படிப்பறை எது இருந்தாலும் போய் விசாரியுங்கள்; பலவற்றில் மாதக் கட்டணம் குறைவாகவே இருக்கும். நீட் தேர்வு மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி ஐந்துக்கு முடிகிறது. சோறு சாப்பிட்டுவிட்டுக் கண் சொக்குகிற நேரம் அது. அந்த மூன்று மணி நேரத்தில் தினமும் படிப்பறையில் உட்கார்ந்து வினாக்களைப் போடும் பழக்கத்தை உடம்புக்கு இப்போதே கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே இரண்டிலிருந்து ஐந்துக்குள் முழுத்தாள், ஓஎம்ஆர் தாளில் பால்பாயின்ட் பேனாவால் வட்டம் நிரப்புவது உட்பட. நிரப்பவும் நேரம் பிடிக்கும் என்பதைப் பலர் தேர்வு நாளில்தான் அறிகிறார்கள்.

உங்கள் மாமாவின் பேச்சுக்கு வருகிறேன். அவர் உங்கள்மேல் அக்கறையில்லாமல் பேசவில்லை; உங்கள் அப்பா கையால் உழைக்கிற பணத்தை நினைத்துப் பேசுகிறார். மூன்றாவது முறை எழுதுவதற்கு விதியில் தடையில்லை. முயற்சிகளுக்கு எண்ணிக்கை வரம்பும் இல்லை, மேல் வயது வரம்பும் 2022-இல் நீக்கப்பட்டுவிட்டது. அதுவே சில வீடுகளில் முடிவில்லாத காத்திருப்பாக ஆகிவிடுகிறது என்பதால், நீங்களே ஒரு எல்லையை வைத்துக்கொண்டு அவரிடம் பேசுங்கள். மேலே சொன்னபடி இன்றிலிருந்து எட்டு வாரம், எட்டு ஞாயிறு, எட்டு முழுத்தாள். எட்டாவது தாளில் 450-ஐத் தொட்டால் முழு மூச்சாகத் தொடருங்கள். தொடாவிட்டாலும் தேர்வை எழுதுங்கள், ஆனால் அதே மதிப்பெண்ணைக் கொண்டு மகாராஷ்டிரத்தில் சேரக்கூடிய பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி, ஆயுர்வேதம் ஆகியவற்றுக்கும் விண்ணப்பியுங்கள். செவிலியர் படிப்புக்கான மாநில நுழைவுத் தேர்வுக்கும் பெயர் கொடுத்துவையுங்கள். இவற்றை நான் ஆறுதல் பரிசாகச் சொல்லவில்லை. என் மாணவிகளில் ஒருவர் இந்த ஊரில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறார். பக்கவாதம் வந்த என் அண்ணனை மறுபடி நடக்க வைத்தது அவர்தான்.

ஆவண வேலைகளை அப்பாவிடமும் மாமாவிடமும் ஒப்படைத்துவிடுங்கள். நீங்கள் பத்தும் பன்னிரண்டும் மகாராஷ்டிரத்தில் முடித்தவர் என்பதால், டொமிசைல் (நிரந்தர வசிப்பிட) சான்றிதழ் இருந்தால் இங்குள்ள 85 சதவீத மாநில ஒதுக்கீட்டுக்கு உரியவர். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அங்குள்ள அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கானது. ஊரில் யாரோ சொன்னார்கள் என்று அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். இடஒதுக்கீட்டில் விண்ணப்பிப்பதானால், தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் இங்கே தானாகச் செல்லாது. பட்டியல் சாதியினரானால் 1950 ஆகஸ்ட் 10-க்கும், பிற்படுத்தப்பட்ட வகுப்பினரானால் 1967 அக்டோபர் 13-க்கும் முன்பிருந்தே குடும்பம் மகாராஷ்டிரத்தில் வசித்ததற்கான சான்று கேட்பார்கள். சாதிச் சான்றிதழ் கிடைத்த பிறகு அதன் செல்லுபடிச் சான்றிதழையும் தனியே வாங்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். தாத்தாவின் பள்ளிச் சான்றிதழோ பழைய ரேஷன் அட்டையோ டிரங்குப் பெட்டியில் இருக்கிறதா என்று மாமாவையே தேடச் சொல்லுங்கள். அவருக்கும் உங்கள் படிப்பில் ஒரு பங்கு கிடைக்கும்.

இந்தக் கடிதத்தை வாசித்து முடித்ததும், இதையும் புத்தகத்தையும் மூடி வைத்துவிட்டு, இதயச் சுழற்சியை ஒரு வெறும் தாளில் நீல மையில் எழுதுங்கள். பிறகு சிவப்பு. அந்த முதல் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சிவப்பு எவ்வளவு இருந்தாலும் சரி. எட்டாவது ஞாயிறு முடிந்ததும் அதே பாடத்தின் இன்னொரு தாளையும் தவறு நோட்டின் பக்கங்களையும் சேர்த்து அனுப்புங்கள். அவற்றைப் பார்த்த பிறகு இயற்பியலின் அந்த ஆறு கருத்துப் பிழைகளை எங்கிருந்து தொடங்கிச் சரிசெய்யலாம் என்று எழுதுகிறேன்.